காலிஃபிளவர் சேர்த்த ஹாட் சாக்லேட்

மாமனார் தன் கோப்பையிலிருந்த ஹாட் சாக்லேட்டில் பாதியை மகனின் கோப்பையில் ஊற்றினார். மகன் அதை அப்படியே திருப்பி ஊற்றினான். தூரத்திலிருந்து பார்த்தால் பாசம் பொங்கி வழிவதாகத் தெரியும்.

"நீ கட்டிக்கிட்டவ போட்டது. நீயே குடி," என்று பல்லைக் கடித்தார் மாமனார்.

"உங்களுக்காகப் போட்டதுப்பா. சர்க்கரை வியாதி உங்களுக்குத்தானே?"

அது உண்மைதான். குளிர்கால விடுமுறை வந்துவிட்டால் மாமனார் கம்பளிக்குள் புகுந்துகொள்வார். மணிக்கொரு ஹாட் சாக்லேட், அதில் குவியலாகச் சர்க்கரை. "லீவு முடிஞ்சதும் ரத்தப் பரிசோதனை. இன்னும் ஏறியிருந்தா தினமும் ஊசிதான்," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஊசி என்ற சொல்லுக்கே மாமனாருக்கு வியர்க்கும். அப்போதுதான் மருமகள் முன்வந்தாள். "ஹாட் சாக்லேட்டை ஏன் மாமா விடணும்? நான் ஆரோக்கியமா போட்டுத் தரேன்."

அன்றிலிருந்து கசப்புக் கோகோ தூள், ஓட்ஸ் பால், அரைத்த ஆளிவிதை. குழைவு வருவதற்கு வேகவைத்த காலிஃபிளவர்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றப்ப கயிறு அறுந்து நடு மாடியில தொங்கியிருக்கேன்டா. அப்பக்கூட இப்படிப் பயந்ததில்ல. அவ இதை ஒரு வாய் குடிச்சுப் பார்த்தாளா?" என்றார் மாமனார்.

"அவ உணவுப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறவப்பா. கலக்கறது எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு பழகிட்டா."

"நம்ம வாயில மட்டும் வைக்கலாமாக்கும்!" மாமனார் கம்பளிக்கடியிலிருந்து ஒரு க்ரீம் பிஸ்கெட்டை எடுத்துக் கசப்புக்கு ஈடாகக் கடித்தார்.

சமையலறைக் கதவு திறந்தது. பிஸ்கெட் மறுபடி கம்பளிக்குள் போனது.

வந்தது மாமியார். அவள் எப்போதும் தன் பங்கை அடுப்படியிலேயே நின்றபடி குடித்துவிடுவாள். மேலுதட்டில் பழுப்பு மீசை.

"இன்னுமா குடிக்கல? நான் கப்பை வழிச்சு நக்கிட்டேன்."

"இவளுக்கு நாக்கு மரத்துப்போச்சுடா," என்று மகனின் காதில் சொன்னார் மாமனார்.

பின்னாலேயே மருமகள் பாத்திரத்துடன் வந்தாள். "மாமா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? இந்தத் தடவை பசலைக் கீரையும் அரைச்சு விட்டிருக்கேன்."

மாமனார் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். லீவு நாளிலும் அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மாமனார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அம்மாடி, உன் கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்ல. நான்தான் இனிமே வாயைக் கட்டணும்னு முடிவு பண்ணிட்டேன். ஹாட் சாக்லேட்டே வேண்டாம். வெந்நீர் போதும்."

மருமகளின் முகம் சுருங்கியது. "நான் போட்டது பிடிக்கலையா மாமா?"

"சேச்சே! அமிர்தம்! அதனாலதான் பயமா இருக்கு."

"வெளியில யாராவது சர்க்கரை போட்டுக் குடுத்தா?"

"அந்த வாசனையே வேண்டாம்மா. இப்பெல்லாம் நினைச்சாலே குமட்..." சட்டென்று நிறுத்தினார். "நினைச்சாலே வேண்டாம்னு தோணுது."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா!"

மருமகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் தோள்கள் குலுங்கின.

"பாவம்டா, அழ வெச்சுட்டேன்," என்றார் மாமனார். நெஞ்சு கனத்தாலும் வயிறு லேசாகியிருந்தது.

"நீங்க உக்காருங்க. நான் போய்ச் சமாதானப்படுத்தறேன்," என்று மாமியார் உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

பின்னடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் மூடியிருந்தது. மாமியார் அதிலிருந்து காலிஃபிளவர் சேராத ஹாட் சாக்லேட்டை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, இன்னும் சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்த மருமகளிடம் ஒன்றை நீட்டினாள்.

"அடுத்து, அவரோட பிஸ்கெட்டையும் ஆரோக்கியமா பண்ணிடும்மா!"