இடப்பக்கத்துப் பட்டை

நட்டு அசையவில்லை.

ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகிக் காலால் மிதித்தான். மூன்றாவது மிதியில் கிறீச்சென்று கொடுத்தது. நேற்று மாலையே டீசல் ஊற்றி ஊறப் போட்டிருந்தான். துருவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

ஜீப்பின் மூக்கு இரண்டு மரக்கட்டைகளின் மேல் நின்றது. கழற்றிய சக்கரங்கள் வாசலில் கிடந்தன. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை நேற்றே மாற்றிவிட்டான்.

கயிற்றுக் கட்டிலில் மனைவி போர்வைக்குள் இருந்தாள். வெயில் நன்றாக ஏறியும் போர்வையை விலக்கவில்லை.

மதியத்துக்குள் கிளம்ப வேண்டும். இருட்டுவதற்குள் கீழே பெரியாஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால், காலையில் நாலாவது கீமோ ஊசி.

போன மாதமே போட்டிருக்க வேண்டிய ஊசி.

மழைக்குப் பிறகு மலை ரோடு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. ஓடையைக் கடக்கும் இடத்தில் மிச்சமிருப்பது பாறைகள் மட்டும்தான். போன மாதம் ஊசிக்குக் கிளம்பிய அன்றைக்கு ஜீப்பின் அடிவயிறு ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் சுற்றின. வண்டி நகரவில்லை. அவள் முன்சீட்டில் இருந்தபடியே பொழுது சாயும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போனில் டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

அந்தக் குரல் அவனுக்குப் பிடிக்கவில்லை.

வண்டியை உயர்த்தினால் ஓடையைத் தாண்டிவிடலாம். அவனால் முடிந்தது அது ஒன்றுதான். மற்றது எதுவும் அவன் ஸ்பேனருக்கு அடங்குவதில்லை.

போடியில் பழைய இரும்புக் கடை ரசாக் பாய் தேடி எடுத்துக் கொடுத்தார். ஏலக்காய் மூட்டை சுமந்த ஒரு எஸ்டேட் ஜீப்பின் ஸ்பிரிங் பட்டைகள். தடிமனானவை. வில்லாக வளைந்தவை.

"வெறும் வண்டியில தூக்கிக்கிட்டு நிக்கும். ஆளு ஏறுனா அமந்துரும்" என்றார்.

பழைய பட்டைகளைக் கழற்றி வாசலில் பக்கம் பக்கமாக வைத்தான்.

வலப்பக்கத்துப் பட்டையில் இன்னும் கொஞ்சம் வளைவு இருந்தது. இடப்பக்கத்தது தோசைக்கல்லாகத் தட்டையாகியிருந்தது.

இடப்பக்கம் அவள் சீட்டு.

இருபத்திரண்டு வருடம். சந்தைக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு. அவள் ஏறி உட்கார்ந்ததும் ஜீப் அந்தப் பக்கம் இறங்கும். "சாயுது, சாயுது" என்று ஜீப் ஸ்டாண்டில் நாலு பேர் கேட்கக் கத்துவான். முதுகில் ஒரு அடி விழும். வளையல் சத்தத்தோடு விழும் அடி.

அவன் அந்தப் பட்டையைச் சிறிது நேரம் பார்த்தான். பிறகு துணியால் துடைத்தான். குப்பைக்குப் போகிற இரும்பைத் துடைத்து என்ன ஆகப் போகிறது? துடைத்தான்.

புதியது லேசில் உட்காரவில்லை. கடப்பாரையால் நெம்பி, ஓட்டைக்கு ஓட்டை சேர்த்து, போல்ட்டை அடித்து இறக்கினான். பிரேக் குழாய் எட்டவில்லை. வாங்கி வைத்திருந்த நீளமானதை மாட்டினான். விரல் முட்டி உரிந்தது. சக்கரங்களைப் பூட்டி ஜாக்கியை இறக்கினான்.

டேப் வைத்து அளக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை அடுக்கிப் பார்ப்பான். காலையில் வலப்பக்கம் ஆறு விரல், இடப்பக்கம் நாலு.

இப்போது இரண்டு பக்கமும் பத்து.

ஓடைவரை தனியாக ஓட்டிப் பார்த்தான். போன தடவை காலை வாரிய பாறை சத்தமில்லாமல் அடியில் போனது. எதிலும் இடிக்கவில்லை. ஜெயித்துவிட்டதாகவே அவனுக்குத் தோன்றியது. திரும்பி வரும்வரை தோன்றியது.

அவள் போர்வையோடு எழுந்து வந்தாள். படியில் கால் வைக்கப் பார்த்தாள். படி இப்போது அவள் முழங்காலுக்கு மேல் இருந்தது.

அதை அவன் யோசிக்கவே இல்லை.

முக்காலி எடுத்து வரலாம் என்று நினைத்தான். பிறகு குனிந்து அவளைத் தூக்கினான்.

ரசாக் பாய் கடையிலிருந்து பட்டைகளைத் தோளில் வைத்துப் பஸ்ஸுக்குக் கொண்டுபோனபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

இப்போது வாங்கவில்லை.

சீட்டில் வைத்தான். போர்வையை இழுத்துவிட்டான். பையைப் பின்னால் போட்டான்.

கை பழக்கத்தில் கீழே போனது. இடப்பக்க டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை அடுக்கினான்.

பத்து.

விரல்களை எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினான்.

பத்து.

பட்டை புதுசு, இறுகலாகத்தான் இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அது புதுசும் இல்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

மேலே சீட்டிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"சாயுதா மாமா?"

அவன் எழுந்தான். இடப்பக்கப் படியில் ஒரு காலை வைத்தான். கம்பியைப் பிடித்துத் தன் முழு பாரத்தையும் அதில் இறக்கினான்.

ஜீப் அவள் பக்கம் இறங்கியது.

"சாயுது, சாயுது" என்றான். வழக்கம்போலச் சத்தமாகச் சொல்ல நினைத்தான். பாதி குரல்தான் வந்தது.

அவள் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. வளையல்கள் முழங்கைவரை சரிந்தன. அடிக்கவில்லை. அவன் தோளில் வைத்தாள்.

"கால எடு மாமா."

எடுத்தான்.

ஜீப் நிமிர்ந்து பழையபடி நின்றது.