ஒரே தட்டில் விருப்பம்

சுகவனத்தின் கணினித் திரையில் ஓர் அம்புக்குறி இருந்தது. திருமணத் தளத்தில் பெண்களின் படங்களுக்கு நடுவே அவன் அதை மெதுவாக நகர்த்துவான். வான்மதி என்ற பெண்ணின் படத்துக்கு வந்ததும் அது நின்றுவிடும். ‘விருப்பம் தெரிவி’ என்பதை அழுத்த மட்டும் அவனுக்குத் தைரியம் வராது.

நண்பன் சொன்னபடி ஒரு நாள் அவன் உலாவியின் மேலே இருக்கும் புக்மார்க் வரிசையில் புதிதாக ஒரு பட்டனைப் பொருத்தினான்.

“இனி நீங்க அலைய வேண்டாம் அண்ணே,” என்றது பட்டன் அம்புக்குறியிடம். “என்னை ஒரு தட்டு தட்டினா போதும். இந்தப் பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் விருப்பம் போயிடும்.”

“எல்லாருக்குமா? யாரு என்னன்னு பார்க்க மாட்டியா தம்பி?”

“பார்த்தா நேரமாகுமே!”

சுகவனம் கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். கூட்டத்தோடு கூட்டமாக வான்மதிக்கும் விருப்பம் போனது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

மாலையில் அவளிடமிருந்து பதில் வந்தது. “உங்கள் விருப்பம் கிடைத்தது. என் அக்காவுக்கும் கிடைத்திருக்கிறது. எங்களில் யாரை என்று வீட்டில் கேட்கிறார்கள்.”

சுகவனம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

“மன்னிப்பு கேக்கவும் ஒரு பட்டன் செஞ்சுடலாம் அண்ணே,” என்றது பட்டன் உற்சாகமாக.

“நீ கொஞ்சம் சும்மா இருப்பா,” என்றது அம்புக்குறி.

சுகவனம் தட்டச்சு செய்தான், அழித்தான், மறுபடி தட்டச்சு செய்தான். “உங்களைத்தான் பிடித்திருக்கிறது” என்ற ஒரு வரியை அனுப்ப அவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை ஆனது.

உடனே பதில் வந்தது: “இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?”