வெள்ளைமுகப் பசு

1904 ஜூன் 14, காலை பத்து மணி. மொன்டானாவில் மழை ஓய்ந்து வெயில் ஏறுகிறது. மாட்டுப்பண்ணையாளர் சங்கத்தின் மேசைமேல் புகைப்படக்காரி அடிலா எடுத்த படம் கிடக்கிறது. அதில் ஆரின் ட்வெட் என்ற சிறு பண்ணைக்காரனின் சூட்டுக்குறி பதிந்த கன்று, பெரும்பண்ணையின் குறியுள்ள பசுவின் மடியருகே நிற்கிறது. கன்றுக்குத் தாயின் குறியைத்தான் இடவேண்டும் என்பது வழக்கம். ஆகவே ஆரின் கன்றுத்திருடன் என்கிறார்கள். "அது தாய்ப்பசுவே இல்லைங்க. முகம் வெள்ளையா, வெளிச்சத்துல எடுப்பா இருந்துச்சேன்னு நான்தான் பக்கத்துல நிறுத்தச் சொன்னேன்," என்கிறாள் அடிலா. படம் கழுவும் மருந்து பட்டுக் கறுத்த விரல்களைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொள்கிறாள். சங்கத் தலைவர் ஹாஸ்கெட் நாற்காலியில் சாய்கிறார். "எங்க வீட்டம்மா, தன் மூக்கைக் கொஞ்சம் சின்னதாக் காட்டுங்கன்னு கேட்டப்போ என்ன சொன்னீங்க, அம்மணி? காமிரா உள்ளதைத்தான் காட்டும்னீங்களே!" பெஞ்சில் இருக்கும் பண்ணையாளர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். "விடுங்கம்மா," என்கிறான் ஆரின், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி. "படத்துல நான் நல்லாத்தானே இருக்கேன்." அவள் தலை நிமிரவில்லை. ஹாஸ்கெட்டின் பேனா முனை காகிதத்தில் கீறித் தீர்ப்பை எழுதுகிறது. ஆரினின் குறி இன்றோடு செல்லாது, அவன் மேய்ச்சல் நிலத்தை விட்டு வெளியேற வேண்டும். ஹாஸ்கெட் அந்தக் காகிதத்தை நீட்டுகிறார். படம் பதிந்த கண்ணாடித் தகட்டைப் பிடிக்க அடிலா முன்பு சொல்லித்தந்தபடியே, மை கலையாமல், ஓரங்களை மட்டும் தொட்டு அவன் வாங்கிக்கொள்கிறான்.