மூன்று எலுமிச்சம்பழங்கள்

மீன்கடையில் பாரையைத் துண்டு போடக் கொடுத்துவிட்டு, தலையையும் கேட்டு வாங்குவதா, விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அப்போதுதான் பக்கத்து வீட்டு அமிர்தநாதர் அவரைத் தேடி வந்து தோளில் கை வைத்தார். 2009 மே மாதம், வன்னியில் போர் முடிந்து மூன்றாம் நாள். செய்தியைக் கேட்டவர் மீனை வாங்காமலே வீட்டுக்குப் போனார்.

ஐந்து மாதம் கழித்து அவர் மொரோக்கோவுக்கு ரிக்கெற் எடுத்தபோது ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் அதுதான் பேச்சு.

"முதல் திவசமும் முடியேல்லை. உவருக்கு ஹொலிடே கேக்குது" என்றார் அமிர்தநாதர், லிஃப்டில், அவர் காதுபடவே.

ஸ்ரீஸ்கந்தராசா அங்கே பத்து நாள் மரக்கேஷில் இருந்துவிட்டு ரொறன்ரோவில் வந்து இறங்கினார். பக்கத்தில் ஒரு பொடியன். வீங்கிய கன்னத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை.

பாஸ்போட் பார்த்தவன் இரண்டு பேரையும் பெட்டி சோதிக்கும் மேசைக்கு அனுப்பிவிட்டான். அங்கே சீருடையில் நின்ற பெண்ணின் பெயர்ப்பட்டியில் அட்சயா என்று இருந்தது. மொரோக்கோவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் போதைப்பொருளை எங்கெங்கே தேடவேண்டும் என்று அவளுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள்.

"தமிழோ, அங்கிள்? எங்க ஸ்ரே பண்ணினீங்கள்? ஹோட்டலோ?"

"இல்லைப் பிள்ளை. பழைய காலத்து வீடு. அறை வாடகைக்கு விடுகினம். றியாட் எண்டு சொல்லுறது."

"மகன் ஏன் கதைக்கிறாரில்லை?"

"கடவாய்ப் பல்லு. மூண்டு நாளா வாய் திறக்கேலாது."

அவள் பாஸ்போட்டை விரித்துப் படத்தையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாவம். போட்டோவில நல்ல வடிவா இருக்கிறார்."

ஸ்ரீஸ்கந்தராசா கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிடிபட்டால் ஜெயில். அவருக்கு அது பெரிதில்லை. பொடியனின் கதை வேறு.

"கமராவைத் தாங்கோ."

நூற்று நாற்பது படங்கள். நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம், நீலமும் பச்சையுமாய் ஓடு பதித்த சுவர்கள், கல்தொட்டியில் ஊற்று நீர், காய்த்துத் தொங்கும் எலுமிச்சை மரம், சுற்றிவர அறைகள். எல்லாப் படத்திலும் இருவரும் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்தார்கள். பல் தெரியச் சிரிக்கவேண்டும், சிரிக்கிறவர்களை யாரும் சந்தேகிப்பதில்லை என்று பொடியனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்தச் சிரிப்பைப் பழக அவருக்கே நாலு நாள் பிடித்தது.

"பத்து நாளில ஒரு ஒட்டகம்கூட இல்லையே! வெளிய போகவே இல்லையோ?"

அவர் பயந்த கேள்வி அதுதான். தெருப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லாத வீடு என்பதாலேயே அவர் அதைத் தெரிந்தெடுத்திருந்தார்.

"வீடே போதும், பிள்ளை. அவ்வளவு வடிவு."

அட்சயா கையுறையை இழுத்து மாட்டினாள். மண்சட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தாள். தோல் செருப்பின் அடியை வளைத்துப் பார்த்தாள். பித்தளை விளக்கைக் கழற்றினாள். நாய் ஒன்று வந்து எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. கடைசியாக ஒரு சுருட்டிய காலுறையை எடுத்தவள் நின்றாள். உள்ளே உருண்டையாக ஏதோ இருந்தது.

பொடியன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்ரீஸ்கந்தராசா அவனைத் திரும்பிப் பார்த்தார். இதைப் பற்றி அவன் அவரிடம் சொல்லவே இல்லை.

மேசையில் மூன்று எலுமிச்சம்பழங்கள் உருண்டன.

"உது என்ன, அங்கிள்?"

"தேசிக்காய்."

"அது தெரியுது. ஏன் ஒளிச்சுக் கொண்டு வாறியள்?"

பொடியன் நெஞ்சைத் தொட்டு, மேலே கையைக் காட்டினான். அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய அம்மாவும் புதுக் காரின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைக்கிறவள்தான்.

"வழிக்குக் காவலோ? ஐயோ! ஸ்காபரோவில டொலருக்கு ஆறு விக்குது." மூன்றையும் குப்பைத்தொட்டியில் போட்டாள். "சொறி. சட்டத்துக்கு மாறா ஒண்டையும் நாங்கள் கனடாவுக்குள்ள விடுறேல்லை."

பிடிக்கவேண்டியதைப் பிடித்துவிட்ட திருப்தியோடு பாஸ்போட் இரண்டையும் நீட்டினாள். "தம்பி, டொக்டரிட்டப் பல்லைக் காட்டுங்கோ. வெல்கம் ஹோம்."

வெளியே ரக்சி வரிசைக்கு வந்ததும் பொடியன் கன்னத்துக்குள் இருந்த பஞ்சை எடுத்து எறிந்தான். வீக்கமும் அதோடு போயிற்று.

"கோவமோ, அங்கிள்?"

"சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொடியனுக்கு என்னத்துக்கடா தேசிக்காய்? எல்லாத்தையும் கெடுக்கப் பாத்தியே, நீக்கிலாஸ்!"

"உங்கட மகன் பழக்கினது. பங்கர் மாறேக்கயெல்லாம் கஜீவன் பொக்கற்றில ஒண்டு வைச்சிருப்பான். கடைசி நாளும் இருந்தது. நான் அதை எடுக்காமலே மண் போட்டு மூடினனான்."

ஸ்ரீஸ்கந்தராசா அவனிடமிருந்து பாஸ்போட்டை வாங்கினார். மூன்று வருடத்துக்கு முன் வன்னிக்குப் போகும்போது கஜீவன் கொழும்பில் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனது; அவள் அதை அவருக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். காலாவதியாக இன்னும் எட்டு மாதம் இருந்தது.

உள்ளே, அவசரத்துக்கு யாருக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டத்தில், பென்சிலால், மகனின் சரிந்த எழுத்தில், அவருடைய பெயர் அப்படியே இருந்தது.