நாலு மீன் எண்ணெய் மாத்திரை

"ட்யூப் மாறிப் போச்சு. ஒத்துக்கிட்டீங்கன்னா நல்லது" என்றார் லேப் மேடம்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து வருஷமாக ஊசி பிடிக்கிற கை. ரத்தம் எடுத்தவுடன், ஆள் எழுந்திருப்பதற்குள் ட்யூபில் பேர் ஒட்டிவிடுவான்.

"அது என் மாமனார் ரத்தம், மேடம். நானேதான் எடுத்தேன், நானேதான் ஒட்டினேன்."

"மூணு மாசம் முன்னாடி அவருக்கு ட்ரைகிளிசரைடு ஐநூத்தி இருபது. இப்ப முந்நூத்தி முப்பது. ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"மாத்திரைன்னு சொன்னாலே எரிஞ்சு விழுவார், மேடம்."

"நடக்கிறாரா? வாயைக் கட்டுறாரா?"

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டரில்தான் போவார். வாயைக் கட்டுவதாவது!

"அப்ப ரத்தத்துல இருந்த கொழுப்பு கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடுச்சா? இது வேற யாரோட ரத்தமோ. உங்க மாமனாரோட ரிசல்ட் எந்த அப்பாவி தலையில விழுந்திருக்கோ! நாளைக்குள்ள காரணத்தைக் கொண்டாங்க. இல்லேன்னா அன்னிக்கு வந்த முப்பது பேரையும் திரும்பக் கூப்பிடணும். அதுக்கப்புறம் உங்களை இங்க வெச்சுக்க முடியாது."

தொங்கிய முகத்தோடு வீடு வந்து சேர்ந்தான். தண்ணீர் குடிக்கலாமென்று சமையலறைக்குப் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டான்.

மாமனார் பழைய மிக்ஸி ஜாருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு குட்டி டப்பா வந்தது. அதிலிருந்து மஞ்சள் மஞ்சளாக இரண்டு மாத்திரை. லபக்கென்று வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, ஒரு ஏப்பம் விட்டார். மீன் வாடை வாசல் வரை வந்தது.

"மாமா! அது அத்தையோட ஒமேகா மாத்திரை ஆச்சே!"

மாமனார் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மெதுவா, மாப்பிள்ளை! அவ காதுல விழுந்துடப் போகுது."

அவனுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. முட்டி வலி, மீன் எண்ணெய் மாத்திரை வேண்டும் என்று மாமியார் கேட்டதால் மாதாமாதம் வாங்கி வருகிறவன் அவன். கட்டின பெண்டாட்டியின் மருந்தைத் திருடித் தின்கிறாரே, இவரெல்லாம் ஒரு மனுஷரா!

நேரே மாடிக்கு ஏறினான். மாமியார் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அத்தை, சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். உங்க மாத்திரையை மாமா திருடுறார்."

"இன்னிக்குச் சாயங்கால மாத்திரை ரெண்டையும் எடுத்துக்கிட்டாரா?"

"அத்தை?"

மாமியார் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ரத்தக் கொழுப்பு குறையணும்னு டாக்டர் அதை எழுதிக் கொடுத்ததே அவருக்குத்தான், மாப்பிள்ளை. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. மனுஷன் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டார். நான் பொறுக்கி ஒட்டி வெச்சிருக்கேன். கையில கொடுத்தா அவருக்கு வேண்டாம். ஒளிச்சு வெச்சா உடனே வேணும். முறுக்கு டப்பாவுல இருந்து இதே பழக்கம்தான்! அதான் தினமும் எண்ணி நாலே நாலு போட்டு, இடத்தை மாத்தி மாத்தி ஒளிக்கிறேன்."

"அப்ப உங்க முட்டி வலி?"

"ரெண்டு மாடி ஏறி வந்து துணி காயப்போடுறேன். என் முட்டிக்கு என்ன கேடு?"

அவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ட்யூப் மாறவில்லை. அந்த முந்நூத்தி முப்பது மாமனாருடைய ரத்தமேதான்.

"அந்தச் சீட்டை எடுத்து வைங்க, அத்தை. நாளைக்கு எங்க மேடம் மேசையில வெக்கணும். என் வேலையே அதுலதான் இருக்கு."

"தாராளமா கொண்டு போங்க. ஆனா அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா வீராப்புல நிறுத்திடுவார்."

கீழே இறங்கினான். மாமனார் ஒன்றும் தெரியாதவர்போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக் கொடுத்துட்டீங்களா?"

"இல்ல மாமா" என்று கூசாமல் பொய் சொன்னான். "ஆனா ஒண்ணு. வேணும்னா நேரா கேட்டு வாங்கிச் சாப்பிடலாமே. எதுக்கு இந்தத் திருட்டு?"

மாமனார் மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திருட்டுப் போற டப்பாவை எவளாவது தினமும் நிரப்பி வெப்பாளா, மாப்பிள்ளை? எனக்காகத்தான் வெக்கிறான்னு முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா?"

"சே, என்ன ஏப்பம்! மீன் சந்தைக்குள்ள குடியிருக்கிற மாதிரி இருக்கு. ஆனா அன்னிக்கு நான் சீட்டைக் கிழிச்சப்போ நாள் பூரா அழுதா. இப்ப தினமும் என்னை ஏமாத்திட்டதா நெனச்சு, தனக்குத் தானே சிரிச்சுக்கிட்டுத் திரியறா. அந்தச் சிரிப்பை நான் கெடுக்கணுமா?"