ஆயிரத்து இருநூறு வாட்ஸ்

"எண்ணூத்தம்பது வாட்ஸ் எல்லாம் எந்த மூலைக்கு மாப்பிள்ளை? ரெண்டு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் தீனி போடணும்ல!"

கடையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார் மாமனார். மாப்பிள்ளைக்குக் கூச்சம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். முப்பது வருடம் வயரிங் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மருமகனோடு கம்ப்யூட்டருக்குப் பவர் சப்ளை வாங்க வந்து நிற்கிறார். யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு மாமனார்?

அவர்கள் கழற்றிக் கொண்டுவந்த பழைய பவர் சப்ளையைக் கடைக்காரப் பெண் புரட்டிப் பார்த்தாள். "நம்மகிட்ட வாங்கினதுதானே சார்? நல்லாத்தானே இருக்கு. என்ன பிரச்சனை?"

"விளையாடிட்டு இருக்கும்போதே கம்ப்யூட்டர் பொசுக்குனு அணைஞ்சிடுதுங்க. ரூம்ல லைட் எரியுது, ஃபேன் சுத்துது, இது மட்டும் செத்துப் போகுது. அதுவும் எப்பவும் இல்ல. ஃபைனல்ல, நான் ஜெயிக்கப் போற நேரம் பார்த்து!"

"ஃபைனல்லதானேம்மா ரெண்டு கார்டும் மூச்சு முட்ட ஓடுது?" என்று ஒரே போடாகப் போட்டார் மாமனார். "சப்ளை பத்தல. வேற ஒண்ணுமே இல்ல."

மாப்பிள்ளை பரிதாபமாகத் தலையாட்டினான். இணையத்தில் 'சுண்டெலி' என்ற பெயரில் ஒரு ஆள் ஆடுகிறது. யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அந்தச் சுண்டெலியிடம் இதுவரை நாலு ஃபைனலில் மண்ணைக் கவ்வியாகிவிட்டது. அறுநூற்றைம்பது வாட்ஸ் இருந்தபோது இரண்டு முறை, எண்ணூற்றைம்பதுக்கு மாறிய பிறகு இரண்டு முறை. இன்றைக்கு நாலு மணிக்கு ஐந்தாவது.

அதோடு போனால் பரவாயில்லை. காலையில் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னிக்கும் தோத்தீங்க, அந்த மெஷினைத் தூக்கி எங்கப்பா ரூம்ல வெச்சிடுவேன். அவராவது நிம்மதியா நியூஸ் பார்க்கட்டும்."

"எனக்கெதுக்கும்மா அந்த ராட்சசன்?" என்று மாமனார் பதறிப்போனார். "நீ குடுத்த பழைய லேப்டாப்பே போதும்." என்ன ஒரு நல்ல மனசு!

கடைக்காரப் பெண் காகிதத்தில் கணக்குப் போட்டாள். "ஒரு கார்டுக்கு முந்நூத்தி இருபது. ரெண்டுக்கு அறுநூத்தி நாப்பது. பிராசஸருக்கு நூத்தம்பது, மத்ததுக்கு ஒரு நூறு. ஆக எண்ணூத்தித் தொண்ணூறு. ஆயிரம் வாங்குங்க, போதும்."

"ஆயிரத்து ஐந்நூறு இருக்கா?" என்றார் மாமனார்.

"ஐயா, சார் கம்ப்யூட்டர் ஓட்டப் போறாரா, மில்லு ஓட்டப் போறாரா?"

"சரி, ஆயிரத்து இருநூறு குடு. எடுக்கிறதை நல்லதா எடுத்துட்டா பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல பாரு."

"எதுக்கும் ஒரு யூ.பி.எஸ். போட்டுப் பாருங்களேன். கரண்ட்ல ஏதாவது..."

"அதெல்லாம் தண்டம்மா!" மாமனார் அவளை முடிக்கவே விடவில்லை. "அந்தக் கம்ப்யூட்டருக்குன்னே தனி லைன் இழுத்துக் குடுத்திருக்கேன், என் கையால. என் வயரிங்கைக் குத்தம் சொல்றியா?"

அந்தப் பெண் ஆயிரத்து இருநூறு வாட்ஸுக்குப் பில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரே உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளாகச் செருகினார். அவர் திருகாணியை முடுக்க, மாப்பிள்ளை டார்ச் அடித்தான். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கம்ப்யூட்டர் கல்லுக்குண்டு போல நின்றது.

"இனி சுண்டெலி என்ன, யானையே வந்தாலும் அணையாது. போய் ஜெயிச்சிட்டு வாங்க மாப்பிள்ளை. நான் கொஞ்சம் கண்ணசர்றேன்." தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலு மணி. ஆட்டம் அனல் பறந்தது. இரண்டுக்கு இரண்டு என்று வந்து, கடைசிச் சுற்று. சுண்டெலியைச் சுவரோரமாக ஒதுக்கியாயிற்று. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற மனைவியே தன்னை மறந்து, "அடிங்க! விடாதீங்க! அடிங்க!" என்று குதிக்க ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரே ஒரு அடிதான்.

பொசுக்.

லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

"பேச்சு பேச்சா இருக்கணும்," என்று மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "மெஷின் அப்பா ரூமுக்கு."

அப்போதுதான் அவன் அதைக் கவனித்தான். இத்தனை நாளும் ஆத்திரத்தில் மேசையைக் குத்திக்கொண்டிருந்தானே தவிர, மானிட்டர் ஓரத்துக் குட்டி விளக்கைப் பார்த்ததே இல்லை. அதுவும் அணைந்திருந்தது!

"பவர் சப்ளை போனா மானிட்டர் ஏன்டி அணையணும்? அதுக்குத் தனி ப்ளக் இருக்கே! கோளாறு லைன்லதான்! மாமாவை எழுப்பு!" அவள் நகர்வதற்குள் அவனே ஓடிப்போய் மாமனார் அறைக் கதவைத் தள்ளினான்.

மாமனார் தூங்கவில்லை. மடியில் பழைய லேப்டாப், அதன் திரையில் 'சுண்டெலிக்கு வெற்றி!', வலது கை மட்டும் தலைமாட்டுச் சுவரில், கம்ப்யூட்டர் லைனுக்கென்று அவரே பொருத்திய சுவிட்சின் மேல் இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் வாயெல்லாம் பல்லாக. "ஆயிரத்து இருநூறு வாட்ஸ் எனக்குத் தாராளமாப் போதும்!"