வெள்ளிக்கிழமைப் பழம்

தணிகைவேல் தன் காரின் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் பழையதை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிது கட்டுவார்.

அன்று கட்டிய புதுப் பழத்துக்கு, பானெட்டுக்குள் எஞ்சின் உறுமுவது கேட்டது.

"என்னண்ணே, இவ்வளவு கோபம்?"

"கோபம் வராம? உன்னை வாங்க நம்ம முதலாளி கடைக்காரனோட கூடையையே கவிழ்த்துத் தேடினான். புள்ளி இருக்கக் கூடாதாம், தோல் சுருங்கக் கூடாதாம். என் ஆயிலை மாத்தி மூணு வருஷம் ஆச்சு, தார் மாதிரி கிடக்கு! போன மாசம் ஆயில் குறைஞ்சு விளக்கு எரிஞ்சப்போ, தம்பியோட டிராக்டருக்கு வாங்கினதில மிச்சத்தை எடுத்து ஊத்தினான். எனக்கு எது சேரும்னு யாரையாவது கேட்டானா? எல்லாம் ஆயில்தானேன்னுட்டான்!"

"கவலைப்படாதீங்கண்ணே. அதான் நான் இருக்கேன்ல?"

"நீ வெளியே தொங்குற. உள்ளே வேகிறது நான்டா!" என்று கத்தியது எஞ்சின்.

அன்றைக்கே மனைவியோடு மலைப்பாதையில் பாதி ஏறும்போது கடகடவென்று சத்தம் வந்தது. புகை கிளம்பியது. எஞ்சின் ஜாமாகி, வண்டி நின்றுவிட்டது.

தணிகைவேல் இறங்கினார். பானெட்டைத் திறக்கவில்லை. நேராக முன்னால் வந்து, பழத்தைப் பிய்த்து ரோட்டில் எறிந்தார்.

"எவன் கண்ணோ பட்டிருச்சு" என்றார் மனைவியிடம். "இதுக்கெல்லாம் எலுமிச்சை பத்தாது. பூசணிக்காய் சுத்தி உடைக்கணும். அடிபடாத காயாப் பார்த்து வாங்கணும்."